துன்மார்க்கனை விடுவிப்பது நீதியா? கிறிஸ்தவ நம்பிக்கையில் நீதியும் இரக்கமும்

1998 பிப்ரவரி 3 அன்று அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் கார்லா ஃபே டக்கர் என்ற பெண்ணுக்கு விஷ ஊசி போட்டு மரண தண்டனை நிறைவேற்றினார்கள். 1983-இல் ஹூஸ்டன் நகரில் ஒரு வீட்டுக்குள் புகுந்து இரண்டு பேரைப் பிக்காசால் வெட்டிக் கொன்ற வழக்கு அது. சிறையில் இருந்த காலத்தில் அவர் கிறிஸ்துவை ஏற்றுக்கொண்டார். சிறை ஊழியர்களே ஆச்சரியப்படும் அளவுக்கு ஆள் மாறிப்போனார். போப் இரண்டாம் ஜான் பால் அவருக்காகக் கருணை கேட்டார். மரண தண்டனையை ஆதரித்து வந்த தொலைக்காட்சிப் போதகர் பாட் ராபர்ட்சனும் கேட்டார். அப்போது ஆளுநராக இருந்த ஜார்ஜ் புஷ் இணங்கவில்லை. அவரும் ஒரு கிறிஸ்தவர்தான்.

மனந்திரும்பிய குற்றவாளி என்று செய்தி வரும்போதெல்லாம் இதே குழப்பம் திரும்ப வருகிறது. "கடவுள் மன்னித்துவிட்டார், அப்புறம் என்ன தண்டனை?" என்று ஒரு பக்கம். "இவ்வளவும் செய்துவிட்டு ஒரு ஜெபத்தில் தப்பிவிடலாம் என்றால் அது என்ன கடவுள், என்ன நீதி?" என்று இன்னொரு பக்கம். இரண்டு தரப்பும் ஒரே வேதப் புத்தகத்தைத்தான் கையில் வைத்திருக்கிறார்கள். கிறிஸ்தவ இறையியல் இந்த முடிச்சை எப்படிப் பார்த்தது, எங்கே அவிழ்த்தது, எங்கே இன்னும் அவிழ்க்கவில்லை என்பதை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

முதலில் சொற்கள்

பாதிக் குழப்பம் சொற்களிலேயே இருக்கிறது. தமிழில் "நீதி" என்றதும் நீதிமன்றம் நினைவுக்கு வருகிறது. கூண்டு, சாட்சி, தீர்ப்பு, தண்டனை. கடவுள் நீதியுள்ளவர் என்று கேட்டவுடன் மனம் அவரை நீதிபதி நாற்காலியில் உட்கார வைத்துவிடுகிறது. அந்த நாற்காலியில் இருப்பவர் இரக்கம் காட்டினால், அது சட்டத்தை வளைப்பதாகத்தான் தோன்றும்.

1. பழைய ஏற்பாட்டு எபிரேயத்தில் நீதிக்கு இரண்டு முக்கியச் சொற்கள் உண்டு. "மிஷ்பாத்" என்பது தீர்ப்பு, வழக்கு, நியாயம். தமிழ் "நீதி"க்குப் பக்கத்தில் வருவது இதுதான். "ட்செதாக்கா" என்பது உறவுக்குரிய கடமையைச் சரியாக நிறைவேற்றுவது. ராஜா ஏழையின் பக்கம் நின்றால் அது ட்செதாக்கா. ஒடுக்கப்பட்டவனைக் கடவுள் மீட்டாலும் அது ட்செதாக்கா. ஏசாயா 45:21 கடவுளை "நீதிபரரும் இரட்சகருமாகிய" என்று ஒரே மூச்சில் சொல்வது இதனால்தான்.

2. இரக்கத்தின் பக்கமும் இரண்டு சொற்கள். "ஹெசெத்" என்பது உடன்படிக்கைக்கு உண்மையாக இருக்கும் அன்பு. எதிர்த்தரப்பு வாக்கு மீறினாலும் நான் மீறமாட்டேன் என்கிற பிடிவாதம் அதில் உண்டு. "ரஹமீம்" என்பது கருப்பையைக் குறிக்கும் சொல்லோடு உறவுடையது. பெற்றவளின் வயிறு பதறுகிறதே, அந்தப் பதைப்பு.

3. "தகுந்த தண்டனையைத் தராமலிருப்பது இரக்கம், தகுதியில்லாத நன்மையைத் தருவது கிருபை" என்று பிரசங்கங்களில் ஒரு விளக்கம் அடிக்கடி வரும். மனப்பாடம் செய்ய வசதியானதுதான். ஆனால் வேதத்தின் சொற்கள் இவ்வளவு ஒழுங்காகப் பிரிந்து நிற்பதில்லை.

தமிழ் வேதாகமங்களே இந்த இழுபறியைக் காட்டுகின்றன. பழைய மொழிபெயர்ப்பு ரோமருக்கு எழுதிய நிருபத்தில் "நீதிமானாக்குகிறவர்" என்கிறது. 1995-இல் வந்த பொது மொழிபெயர்ப்பு அதே இடங்களில் "ஏற்புடையவர்" என்ற சொல்லை எடுத்துக்கொண்டது. முதலாவது நீதிமன்ற வாசனை உள்ள சொல், இரண்டாவது உறவின் சொல். மூலத்திலுள்ள கிரேக்கச் சொல்லுக்குள் இரண்டும் இருக்கின்றன.

முடிச்சு எங்கே விழுகிறது

சிக்கலை அதன் கூர்மையான வடிவத்தில் பார்க்க இரண்டு வசனங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் போதும்.

நீதிமொழிகள் 17:15: "துன்மார்க்கனை நீதிமானாக்குகிறவனும், நீதிமானைக் குற்றவாளியாக்குகிறவனுமாகிய இவ்விருவரும் கர்த்தருக்கு அருவருப்பானவர்கள்."

ரோமர் 4:5-இல் பவுல் கடவுளுக்குக் கொடுக்கும் பட்டம்: "பாவியை நீதிமானாக்குகிறவர்."

எந்தக் காரியத்தை ஒரு மனித நீதிபதி செய்தால் கடவுளுக்கு அருவருப்போ, அதையே கடவுள் செய்கிறார் என்று பவுல் எழுதுகிறார். யாத்திராகமம் 23:7-இலும் துன்மார்க்கனை நீதிமான் என்று தீர்க்கமாட்டேன் என்று கடவுளே சொல்லியிருக்கிறார். பவுல் வேதம் படித்த பரிசேயர், இந்த வசனங்கள் அவருக்குத் தெரியாமல் இருக்க வழியில்லை. தெரிந்தே அந்தச் சொற்களைக் கையாண்டார் என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். "கடவுள் அன்பானவர், ஆகவே மன்னிக்கிறார்" என்று எளிதாகக் கடந்துபோகிறவர்கள் பார்க்காத பள்ளம் இது. பவுல் பார்த்தார். கடவுள் தாமும் நீதியுள்ளவராக இருந்துகொண்டு, விசுவாசிக்கிறவனை நீதிமானாக்குகிறவராகவும் எப்படி விளங்க முடியும் என்பதை விளக்கத்தான் ரோமர் 3:25-26 எழுதப்பட்டது.

மலையில் சொன்ன பெயர்

இந்த இழுபறி புதிய ஏற்பாட்டில் தொடங்கியது அல்ல. சீனாய் மலையில், பொன் கன்றுக்குட்டி விவகாரம் முடிந்த கையோடு, மோசேக்குக் கடவுள் தம் பெயரை அறிவிக்கிறார் (யாத்திராகமம் 34:6-7). இரக்கமும் கிருபையும் நீடிய சாந்தமும் உள்ளவர், ஆயிரம் தலைமுறைக்கு இரக்கம் காக்கிறவர், பாவத்தை மன்னிக்கிறவர். அதே வாக்கியம் மூச்சு விடாமல் தொடர்கிறது: குற்றவாளியைக் குற்றமற்றவனாக விடாதவர், மூன்றாம் நான்காம் தலைமுறை மட்டும் விசாரிக்கிறவர். நடுவில் "ஆனால்" என்று சமாதானம் சொல்லும் எந்த விளக்கமும் இல்லை. (தலைமுறை தாண்டி விசாரிக்கிற அந்தப் பகுதி பின்னாளில் இஸ்ரவேலரையே உறுத்தியது. பாவம் செய்த ஆத்துமாவே சாகும், தகப்பனுக்காக மகன் சுமக்கமாட்டான் என்று எசேக்கியேல் 18 ஓர் அதிகாரம் முழுக்க வாதாடுகிறது.)

அந்த ஒரே வாக்கியத்தை இரண்டு தீர்க்கதரிசிகள், ஒரே ஊரைப் பற்றி, எதிரெதிராகப் பயன்படுத்தினார்கள். ஊர் நினிவே, அசீரியப் பேரரசின் தலைநகர்.

யோனா அந்த ஊருக்குப் போய் அழிவை அறிவிக்கிறார். ஊர் மனந்திரும்புகிறது, கடவுள் விட்டுவிடுகிறார். யோனாவுக்குப் பொறுக்கவில்லை. நீர் இரக்கமும் கிருபையும் நீடிய சாந்தமும் உள்ளவர் என்று எனக்குத் தெரியும், அதனால்தான் முதலிலேயே ஓடிப்போனேன் என்று கடவுளிடமே சண்டை பிடிக்கிறார் (யோனா 4:2). கடவுள் நல்லவர் என்பதையே புகாராகச் சொல்லும் இடம் அது. சீனாய் வாக்கியத்தின் முதல் பாதி மட்டும் அவர் வாயில் வருகிறது.

நாகூம் அதே நினிவேயைப் பற்றிப் பேசும்போது "நீடிய சாந்தம்" என்று தொடங்கி, நேரே இரண்டாம் பாதிக்குப் போய்விடுகிறார்: ஆக்கினையில்லாமல் விடமாட்டார் (நாகூம் 1:3). கி.மு. 612-இல் பாபிலோனியரும் மேதியரும் நினிவேயைத் தரைமட்டமாக்கினார்கள்.

யோனாவின் இடத்தில் நின்று பார்த்தால் இன்னொன்றும் புரியும். அசீரியாவின் படைகள் யாரை நசுக்கினவோ, அந்த மக்களில் ஒருவர் அவர். நினிவேக்குக் காட்டிய இரக்கம் அவர் கண்ணுக்கு அநீதியாகத் தெரிந்ததில் வியப்பில்லை. இரக்கத்தைப் பற்றிப் பேசும்போது, அடி வாங்கியவர் அந்த இடத்தில் இருக்கிறாரா என்று கேட்க வேண்டும். இந்தக் கேள்விக்குப் பின்னால் திரும்ப வருகிறேன்.

சுலபமான மூன்று வழிகள்

முடிச்சை வெட்டிவிட மூன்று முயற்சிகள் திரும்பத் திரும்ப நடந்திருக்கின்றன.

1. கடவுளையே இரண்டாகப் பிரிப்பது. கருங்கடல் கரையிலிருந்த சினோப்பே ஊரைச் சேர்ந்த மார்சியோன், கப்பல் வியாபாரி. ரோமாபுரி வந்து சபைக்கு 2,00,000 செஸ்டர்ஸ் (ரோம நாணயம்) நன்கொடை கொடுத்தார். அவர் போதித்தது இது: பழைய ஏற்பாட்டின் படைப்புக் கடவுள் நீதியானவர், கடுமையானவர், இயேசு வெளிப்படுத்தியது வேறொரு கடவுளை, அவர் நல்லவர் மட்டுமே. கி.பி. 144-இல் சபை அவரை வெளியேற்றியது. பணத்தையும் திருப்பிக் கொடுத்துவிட்டது. அதிலாவது நீதி குறைவில்லாமல் நடந்தது. பிறகு தெர்த்துல்லியன் என்ற சபை எழுத்தாளர் அவருக்கு எதிராக ஐந்து புத்தகங்கள் எழுதினார். அவர் போட்ட கிடுக்கிப்பிடி இது: உங்கள் கடவுள் தண்டிக்கவே மாட்டார் என்றால், நீங்கள் ஏன் இஷ்டம்போல் பாவம் செய்வதில்லை? "ஐயோ, கூடவே கூடாது" என்பீர்கள். பிடிக்காது என்று சொல்லிவிட்டு எதுவும் செய்யாத கடவுளுக்கு, அந்தக் காரியம் உண்மையிலேயே பிடிக்கவில்லை என்று எப்படி நம்புவது? மார்சியோன் தோற்றாலும், பழைய ஏற்பாட்டுக் கடவுள் கோபக்காரர், புதிய ஏற்பாட்டுக் கடவுள் அன்பானவர் என்று பேசும் பழக்கம் இன்றும் சபைகளுக்குள்ளேயே உயிரோடு இருக்கிறது. நரகத்தைப் பற்றி வேதத்தில் அதிகம் பேசியவர் இயேசுவே என்பதை அப்படிப் பேசுகிறவர்கள் கவனிப்பதில்லை.

2. தராசு வைப்பது. பாதி நீதி, பாதி இரக்கம். நாளுக்குத் தகுந்தபடி தட்டு சாயும். கேட்க நியாயமாக இருக்கும். ஆனால் இதன்படி கடவுள் இரக்கம் காட்டும்போதெல்லாம் கொஞ்சம் அநீதியாகிறார், தண்டிக்கும்போதெல்லாம் கொஞ்சம் கொடுமையாகிறார். முழுமையானவர் என்று சொல்லப்படுகிறவருக்கு இது பொருந்தாது.

3. ஒன்றை மற்றொன்றில் கரைத்துவிடுவது. எல்லாம் அன்புதான், தீர்ப்பு என்று ஒன்றும் இல்லை என்பது. கொன்றவனுக்கு இது நற்செய்தி, கொல்லப்பட்டவளுக்கு இது என்ன செய்தி? சங்கீதங்களில் "எதுவரைக்கும் கர்த்தாவே" என்று கதறுகிறவர்கள் கேட்பது தீர்ப்பைத்தான். நசுக்கப்பட்டவர்களுக்குக் கடவுளின் நீதி ஒரு பயமுறுத்தல் அல்ல, அது அவர்களுடைய ஒரே நம்பிக்கை.

கடன் எங்கே போகிறது?

முடிச்சைப் பொறுமையாக அவிழ்க்க உதவும் கேள்வி, என் கணிப்பில், "எவ்வளவு நீதி, எவ்வளவு இரக்கம்" என்பதல்ல. "இழப்பை யார் சுமக்கிறார்?" என்பதுதான். இயேசு சொன்ன ஒரு கதையை நிதானமாகப் பார்த்தால் இது விளங்கும் (மத்தேயு 18:23-35).

ஓர் ஊழியக்காரன் ராஜாவுக்குப் பதினாயிரம் தாலந்து கடன்பட்டிருக்கிறான். ஒரு தாலந்து ஏறத்தாழ 6,000 தெனாரி. ஒரு தெனாரி ஒரு நாள் கூலி. அப்படியானால் கடன் 6 கோடி நாள் கூலி. வருஷத்துக்கு 300 நாள் வேலை செய்தால், அடைக்க 2 லட்சம் வருஷம் ஆகும். "பொறுத்துக்கொள்ளும், எல்லாவற்றையும் தந்து தீர்க்கிறேன்" என்று அவன் காலில் விழுவது கணக்குத் தெரிந்தவர்களுக்குச் சிரிப்பை வரவழைக்கும். ராஜா மனம் இரங்கி, கடனையே மன்னித்துவிடுகிறார். வெளியே வந்ததும் தனக்கு 100 தெனாரி, அதாவது நாலு மாதக் கூலி, தர வேண்டிய உடன் ஊழியனின் கழுத்தை அவன் நெரிக்கிறான்.

தள்ளுபடி என்றால் கடன் காற்றில் கரைந்துபோகிறது என்று பொருளல்ல. கடன் வாங்கியவன் பக்கத்திலிருந்து அது அழிந்து, கொடுத்தவன் பக்கத்தில் நஷ்டமாக ஏறுகிறது. ராஜாவின் கஜானாவில் அந்தப் பதினாயிரம் தாலந்து இனி வராது. மன்னித்தவர் அதைச் சுமந்துகொண்டார். மன்னிப்புக்கு விலை இல்லை என்பது வாங்குகிறவனின் பார்வை மட்டுமே. அவதூறு பேசியவனை மன்னிக்கிறவர், பதிலுக்கு அவன் மானத்தை வாங்கும் வாய்ப்பை விட்டுவிட்டு, போன மானத்தைத் தானே தாங்கிக்கொள்கிறார்.

இந்த இடத்தில் நீதிபதிக்கும் கடன் கொடுத்தவருக்கும் உள்ள வேறுபாடு முக்கியமாகிறது. 13-ஆம் நூற்றாண்டில் இறையியலாளர் தாமஸ் அக்வினாஸ் ஓர் எளிய உதாரணம் சொன்னார்: ஒருவனுக்கு நான் 100 தெனாரி தர வேண்டும், என் சொந்தப் பணத்திலிருந்து 200 தருகிறேன். நீதியை மீறினேனா? இல்லை, தாராளமாக நடந்துகொண்டேன். எனக்கு எதிராகச் செய்த குற்றத்தை மன்னிப்பதும் அப்படித்தான், அதுவும் ஒரு கொடை. இரக்கம் நீதியை அழிப்பதில்லை, அது நீதியின் நிறைவு என்று அவர் முடித்தார். நீதிமொழிகள் கண்டிக்கும் நீதிபதி என்ன செய்கிறார்? அடுத்தவனுடைய நஷ்டத்தைத் தன் கையால் தள்ளுபடி செய்கிறார். சொந்தக் கஜானாவைத் திறந்து தள்ளுபடி செய்கிறவர் வேறு ரகம்.

மூடியின் மேல் இரத்தம்

இந்த வெளிச்சத்தில் ரோமர் 3:25-க்குத் திரும்புவோம். கிறிஸ்துவைக் கடவுள் "கிருபாதாரபலியாக" ஏற்படுத்தினார் என்று பழைய மொழிபெயர்ப்பு சொல்கிறது. அங்குள்ள கிரேக்கச் சொல் "ஹிலாஸ்டேரியோன்". யாத்திராகமத்தின் கிரேக்க மொழிபெயர்ப்பில் இதே சொல் ஒரு பொருளின் பெயர்: உடன்படிக்கைப் பெட்டியின் பொன் மூடி, தமிழில் கிருபாசனம். இரண்டரை முழ நீளம், ஒன்றரை முழ அகலம். பெட்டிக்குள்ளே இருந்தவை நியாயப்பிரமாணக் கற்பலகைகள், அதாவது மக்கள் மீறிய அதே சட்டம். வருஷத்துக்கு ஒரு நாள் பிரதான ஆசாரியர் உள்ளே போய் அந்த மூடியின் மேல் இரத்தம் தெளிப்பார். சட்டம் கீழே அப்படியே இருக்கிறது, ஓர் எழுத்துகூட அழிக்கப்படவில்லை. மன்னிப்பு அதன் மேலே நடக்கிறது. சிலுவை அந்த மூடி என்கிறார் பவுல்.

அது எப்படி வேலை செய்கிறது என்பதில்தான் திருச்சபை ஒருமனப்படவில்லை. சிலுவையைப் பற்றிய ஒரே அதிகாரபூர்வ விளக்கம் என்று எந்தப் பழைய பொதுச் சங்கமும் அறிக்கையிடவில்லை. முக்கியமான விளக்கங்கள்:

1. கனம். கேன்டர்பரி பேராயர் அன்செல்ம் 1098-இல் முடித்த நூலில், பாவம் கடவுளுக்குரிய கனத்தைப் பறிக்கிறது, அதற்கு ஈடு செய்யவேண்டியவன் மனிதன், செய்ய முடிந்தவர் கடவுள் மட்டுமே, ஆகவே கடவுளே மனிதரானார் என்று வாதிட்டார்.

2. அன்பின் காட்சி. அடுத்த தலைமுறையில் பிரெஞ்சு இறையியலாளர் பீட்டர் அபெலார்டு கேட்டார்: குற்றமற்றவரின் இரத்தத்தைக் கிரயமாகக் கேட்பது கொடுமை இல்லையா? சிலுவை நம்மில் அன்பை எழுப்புகிறது, அதுதான் மீட்பு என்றார்.

3. தண்டனைப் பதிலாள். கால்வின் போன்ற சீர்திருத்தவாதிகள், நமக்கு வரவேண்டிய தண்டனையைக் கிறிஸ்து ஏற்றார் என்றார்கள். இன்று பல சபைகளில் கேட்பது இந்த விளக்கத்தைத்தான்.

4. ஆட்சி ஒழுங்கு. சட்ட அறிஞரான ஹ்யூகோ குரோஷியஸ் 1617-இல், கடவுள் ஓர் ஆட்சியாளராகச் சட்டத்தின் மதிப்பைக் காப்பாற்றிக்கொண்டே மன்னித்தார் என்று எழுதினார்.

மூன்றாவதற்கு எதிராக 16-ஆம் நூற்றாண்டின் கடைசியில் இத்தாலிய இறையியலாளர் ஃபாவுஸ்டோ சோசினி வைத்த எதிர்வாதம் இன்றும் கூர் மழுங்கவில்லை. கடன் செலுத்தப்பட்டுவிட்டது என்றால் மன்னித்தார் என்று சொல்வது எப்படி? மன்னித்தார் என்றால் வசூல் எதற்கு? மேலும், பணக் கடனை இன்னொருவர் கட்டலாம், கொலைக் குற்றத்தை இன்னொருவர் தலையில் எப்படிக் கட்டுவது?

சரி, இதற்குப் பதில் உண்டா? கோபமான தகப்பன், இடையில் அகப்பட்ட அப்பாவி மகன் என்று மூன்றாம் ஆளாகப் படம் வரைந்தால் பதில் கிடையாது. பல பிரசங்கங்கள் அந்தப் படத்தைத்தான் வரைகின்றன, அது தவறான படம். கிறிஸ்தவ விசுவாச அறிக்கைப்படி கிறிஸ்து மூன்றாம் ஆள் அல்ல, அவர் கடவுளே. பிதாவும் குமாரனும் ஒரே கடவுள். அப்படியானால் சிலுவையில் நடப்பது வெளியிலிருந்து வசூலித்தது ஆகாது. கடன் கொடுத்தவரே நஷ்டத்தைத் தம் உடலில் ஏற்றுக்கொண்டது. "செலுத்தப்பட்டதா, மன்னிக்கப்பட்டதா" என்ற சோசினியின் இருமுனைக் கேள்வி அங்கே கொஞ்சம் தளர்கிறது. குற்றம் எப்படி இடம் மாறும் என்ற இரண்டாம் கேள்வி மட்டும் முழுக்கத் தளரவில்லை. விசுவாசிகள் கிறிஸ்துவோடு ஒன்றாக்கப்படுகிறார்கள் என்பதுதான் பவுலின் பதில், அந்த ஒன்றிப்பை ஒத்துக்கொள்ளாதவருக்கு அந்தப் பதில் பிடிபடாது.

அப்படிப் பார்க்கும்போது 1 யோவான் 1:9 தெளிவாகிறது. பாவங்களை அறிக்கையிட்டால், மன்னிப்பதற்கு அவர் "உண்மையும் நீதியும்" உள்ளவர் என்கிறது அது. "இரக்கமுள்ளவர்" என்று எதிர்பார்க்கும் இடத்தில் யோவான் "நீதி" என்று எழுதினார். நஷ்டம் ஏற்கப்பட்டபிறகு மறுபடி வசூலிப்பதுதான் அநீதியாகும்.

மார்ட்டின் லூதர் 1545-இல் தம் லத்தீன் நூல்தொகுப்புக்கு எழுதிய முன்னுரையில், "தேவனுடைய நீதி" என்ற சொல்லையே ஒருகாலத்தில் வெறுத்ததாக ஒத்துக்கொண்டார். ரோமர் 1:17-ஐ இரவும் பகலும் யோசித்து, அது கடவுள் தண்டிக்கும் நீதி அல்ல, அவர் கொடையாகக் கொடுக்கும் நீதி என்று கண்டபோது பரலோக வாசல் திறந்ததுபோல் இருந்தது என்கிறார். அந்தச் சொல் கத்தோலிக்கர், புராட்டஸ்டண்டுகள் என்று கிழித்த மேற்குலகத் திருச்சபை, 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க் நகரில் லூத்தரன் உலகக் கூட்டமைப்பும் கத்தோலிக்கத் திருச்சபையும் நீதிமானாக்கப்படுதல் பற்றிய ஒரு கூட்டறிக்கையில் கையெழுத்திட்டபோது ஓரளவு தையல் போடப்பட்டது.

நினிவேயின் ஆயர்

கிழக்குத் திருச்சபை இந்த வழக்குமன்ற மொழிக்கு அவ்வளவாக வசப்படவில்லை. 7-ஆம் நூற்றாண்டில் சிரியாக் மொழியில் எழுதிய துறவி ஈசாக்கு, நினிவேயின் ஆயராக நியமிக்கப்பட்டு ஐந்து மாதத்தில் பதவியை விட்டு மலைக்குப் போனவர். ஆம், யோனாவின் அதே நினிவே. அவர் சொல்கிறார்: கடவுளை நீதியுள்ளவர் என்று அழைக்காதே, உன் காரியத்தில் அவர் நீதி வெளிப்படவே இல்லை. ஒரே வீட்டில் கடவுளையும் விக்கிரகத்தையும் வைத்துக் கும்பிடுவதுபோல்தான் ஒரே உள்ளத்தில் இரக்கத்தையும் நீதியையும் வைப்பது.

அவர் காட்டும் ஆதாரம் திராட்சத்தோட்டக் கூலி உவமை (மத்தேயு 20). காலையில் வந்தவனுக்கும் சாயங்காலம் ஐந்து மணிக்கு வந்தவனுக்கும் ஒரே கூலி. இதில் நீதி எங்கே என்று கேட்கிறார். உவமையை உற்றுப் பார்த்தால் எஜமான் தயங்காமல் பதில் சொல்கிறார்: உனக்கு நான் அநியாயம் செய்யவில்லை, பேசிய கூலியைத் தந்துவிட்டேன். முதல் ஆளுக்கு ஒரு காசுகூடக் குறையவில்லை. அவன் வயிற்றெரிச்சல் எல்லாம் கடைசி ஆளுக்குக் கிடைத்ததைப் பார்த்துத்தான். இந்த இடத்தில் ஈசாக்கைவிட அக்வினாஸ் உவமைக்கு நெருக்கமாக இருக்கிறார் என்பது என் கருத்து. ஆனால் தண்டனையைப் பற்றி ஈசாக்கு சொன்னது அதிகம் கேட்காத ஒன்று: கெஹென்னாவில் (நரகத்தில்) வதைபடுகிறவர்களை அடிப்பது அன்பின் சவுக்கு. அன்புக்கு எதிராகப் பாவம் செய்தோம் என்ற உணர்வே அங்கே வேதனை.

நரகம் நித்தியமா என்பதில் பெரும்பான்மைச் சபைகள் ஆம் என்கின்றன, சிலர் அழிவு என்கிறார்கள், ஈசாக்கு போன்ற சிலர் கடைசியில் எல்லாரும் மீட்கப்படுவார்கள் என்று நம்பினார்கள். அது தனிக் கட்டுரைக்கான விஷயம்.

அடி வாங்கியவர் எங்கே?

முன்பு தள்ளிவைத்த கேள்விக்கு வருவோம். கடன் கொடுத்தவர் தன் கடனைத் தள்ளுபடி செய்யலாம். என்னை ஒருவன் ஏமாற்றிவிட்டு, கடவுளிடம் போய் மன்னிப்பு வாங்கிவந்தால்? என் நஷ்டத்தை அவர் எப்படித் தள்ளுபடி செய்வார்? வேதம் இதை மறக்கவில்லை என்பதற்கு மூன்று இடங்கள்:

1. லேவியராகமம் 6. அயலானை ஏமாற்றியவன் முதலில் எடுத்ததைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், அதோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுக்க வேண்டும். அதன் பிறகே குற்றநிவாரண பலி. வரிசை மாற்ற முடியாது.

2. மத்தேயு 5:23-24. பலிபீடத்தில் காணிக்கை வைக்கும்போது சகோதரனுக்கு உன்மேல் குறை இருப்பது நினைவுக்கு வந்தால், காணிக்கையை அங்கேயே விட்டுவிட்டு முதலில் போய் ஒப்புரவாகு.

3. லூக்கா 19. வரி வசூலிப்பவனான சகேயு, அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாகத் திருப்பிச் செலுத்துவதாக எழுந்து நின்று சொல்கிறான். "இன்றைக்கு இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது" என்று இயேசு சொன்னது அதற்குப் பிறகு.

இதை விட்டுவிட்டு "கடவுள் மன்னித்தார், நீயும் மன்னித்துவிடு" என்று பாதிக்கப்பட்டவரின் வாயை அடைப்பது கிருபையின் பெயரில் நடக்கும் திருட்டு. சபைகளுக்குள் நடந்த பாலியல் கொடுமைகளில் பல ஆண்டுகள் இதுதான் நடந்தது. குற்றவாளிக்கு இரக்கம், இடமாற்றம், குழந்தைக்கு உபதேசம். 2019-இல் போப் பிரான்சிஸ், இத்தகைய குற்றங்களைத் திருச்சபை அதிகாரிகளிடம் தெரிவிப்பது குருக்களுக்கும் துறவியருக்கும் கட்டாயக் கடமை என்று சட்டம் போட வேண்டி வந்தது. வேறொருவரின் நஷ்டத்தைத் தன் இரக்கமாகக் காட்டிக்கொள்கிற ஆயர், நீதிமொழிகள் 17:15-இல் கண்டிக்கப்பட்ட அதே நீதிபதிதான். 1937-இல் ஜெர்மன் இறையியலாளர் டீட்ரிக் போன்ஹோஃபர் "மலிவான கிருபை" என்று பெயரிட்டதும் இந்த வகைச் சரக்கைத்தான்: மனந்திரும்புதல் கேட்காத மன்னிப்பு.

தண்டனையும் மன்னிப்பும்

பாவம் மன்னிக்கப்பட்டால் அரசாங்கத்தின் தண்டனையும் நீங்குமா? வேதத்தில் அப்படி இல்லை. தாவீது ராஜாவின் பாவம் நீக்கப்பட்டது என்று தீர்க்கதரிசி நாத்தான் சொன்ன அதே நேரத்தில் பின்விளைவுகளையும் சொன்னார். இயேசுவின் பக்கத்தில் தொங்கிய கள்ளனுக்குப் பரதீசு கிடைத்தது; சிலுவையிலிருந்து இறங்கும் சலுகை கிடைக்கவில்லை. தானே "நாம் நியாயப்படி தண்டிக்கப்படுகிறோம்" என்றான். மன்னிப்பு உறவைச் சீராக்குகிறது, சட்டத்தின் பொறுப்பு வேறு.

ஆனால் எந்தத் தண்டனை என்ற கேள்வி திறந்தே இருக்கிறது. மனந்திரும்பும் வாய்ப்பையே பறித்துவிடும் தண்டனை கடவுளின் நீடிய சாந்தத்தோடு ஒத்துப்போகுமா? 2018 ஆகஸ்டில் கத்தோலிக்கத் திருச்சபை தன் மறைக்கல்வி நூலின் 2267-ஆம் எண்ணை மாற்றி, மரண தண்டனை ஏற்கத்தக்கதல்ல என்று எழுதியது. மனிதனின் மாண்பு மிகக் கொடிய குற்றத்துக்குப் பிறகும் அழிவதில்லை என்பதும், குற்றவாளிக்கு மீட்பின் வாய்ப்பை நிரந்தரமாகப் பறிக்கக்கூடாது என்பதும் அதில் சொன்ன காரணங்களில் உண்டு. பல புராட்டஸ்டண்டு சபைகள் இதே முடிவில் இருக்கின்றன. சில சபைகள், பட்டயத்தை அரசன் விருதாவாய்ப் பிடித்திருக்கவில்லை என்ற ரோமர் 13-ஐக் காட்டி மறுக்கின்றன.

1998-இல் ஆளுநர் புஷ் சொன்ன காரணம் இந்தப் பிரிவினையின் மேல்தான் நின்றது: மரண தண்டனைக் கைதியின் இதயத்தையும் ஆத்துமாவையும் பற்றிய தீர்ப்பை மேலான அதிகாரியிடமே விட்டுவிடுவது நல்லது என்றார். அன்றைக்கு அந்தத் தண்டனையைப் பார்க்க, கொல்லப்பட்ட பெண்ணின் குடும்பத்திலிருந்து சிலர் வந்திருந்தார்கள், அவர்களில் இரண்டு பேர் எதிரெதிர்ப் பக்கத்தில் நின்றார்கள். அவருடைய கணவர், நீதி நடக்க வேண்டும் என்று கேட்டு வந்தவர். அவருடைய சகோதரர், கொலையாளியை மன்னித்துவிட்டதாகச் சொல்லி, தண்டனையை எதிர்த்து, டக்கரின் பக்கத்துச் சாட்சியாக நின்றவர். ஊசி போடுவதற்கு முன் டக்கர் இரண்டு குடும்பங்களிடமும் மன்னிப்புக் கேட்டார்.